பிசிஏஏ குடித்தால் தசை ஏறுமா? எதோடு ஒப்பிட்டுக் கேட்கிறீர்கள்?

நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம். தினமும் போதுமான புரதம் சாப்பிட்டு ஒழுங்காக எடை தூக்குகிற ஒருவர், அதற்கு மேல் பிசிஏஏ (BCAA) என்ற அமினோ அமிலப் பொடியைக் கலக்கிக் குடிப்பதால் கூடுதலாகத் தசை வளர்வதில்லை. கட்டிங் சமயத்தில், அதாவது கொழுப்பைக் கரைக்கக் கலோரியைக் குறைத்துச் சாப்பிடும்போது, இருக்கிற தசை கூடுதலாகக் காப்பாற்றப்படுவதும் இல்லை. இதை ஜிம்மில் சொன்னால் "அதெப்படி, ஆராய்ச்சியே இருக்கு ப்ரோ" என்று மொபைலை நீட்டுவார்கள். உண்மைதான், இருக்கிறது. வேலை செய்கிறது என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது, செய்யவில்லை என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது, இரண்டுமே பொய்யில்லை. இந்தக் குழப்பத்தில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் தெளிந்துவிடும்: பிசிஏஏ குடித்தவர்களை எதைக் குடித்தவர்களோடு ஒப்பிட்டார்கள்?

அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். முட்டையோ மீனோ பருப்போ, நாம் சாப்பிடும் புரதம் வயிற்றிலும் குடலிலும் உடைந்து பெரும்பாலும் அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்துக்குள் போகிறது. மொத்தம் 20 வகை. அதில் 9 வகையை உடம்பால் தானே செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். கடை டப்பாவில் இஏஏ என்று போட்டிருப்பது இந்த ஒன்பதைத்தான். அந்த ஒன்பதில் லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்றுக்கு மூலக்கூறில் ஒரு கிளை பிரிந்து நிற்கும், அந்த மூன்றும் சேர்ந்ததுதான் பிசிஏஏ. ஆக பிசிஏஏ இஏஏ-வின் ஒரு பகுதி, இஏஏ புரதத்தின் ஒரு பகுதி. பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதம் 25 கிராமிலேயே ஐந்தரை கிராம் அளவுக்கு பிசிஏஏ இருக்கிறது. ஒரு ஷேக்கரில் வே, இன்னொரு ஷேக்கரில் பிசிஏஏ என்று இரண்டையும் வைத்துக்கொண்டு உட்காருபவர்கள் ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் பிசிஏஏ-வுக்கு இவ்வளவு பெயர் சும்மா வந்துவிடவில்லை. மற்ற அமினோ அமிலங்களில் பலவற்றைக் கல்லீரல்தான் முதலில் கையாளும். இந்த மூன்றையும் உடைப்பதற்கான முதல் நொதி கல்லீரலில் மிகக் குறைவு என்பதால் இவை பெரும்பாலும் தப்பித்து நேராகத் தசைக்குப் போகின்றன. தசைப் புரதத்தில் இருக்கும் அத்தியாவசிய அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவைதான். போதாததற்கு, லியூசின் வெறும் கட்டுமானப் பொருள் மட்டுமில்லை, தசை செல்லுக்குள் எம்டார் என்ற அமைப்பைத் தூண்டி "புரதம் செய்ய ஆரம்பி" என்று உத்தரவு போடுகிற வேலையையும் அது செய்கிறது. எலிகளுக்கு லியூசின் கொடுத்தபோது தசைப் புரத உற்பத்தி ஏறியதும் உண்மை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரி. இவற்றைக் கோத்து "அப்படியானால் இந்த மூன்றை மட்டும் டப்பாவில் அடைத்து விற்கலாமே" என்று போன இடத்தில்தான் தப்பு நடந்தது.

ஏன் என்றால், புதிய தசைப் புரதம் ஒன்றை முடிக்க ஒன்பது அத்தியாவசிய அமிலங்களும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். லியூசின் மட்டும் வந்து உத்தரவு போடுவது, பந்திக்கு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு சமையல்கட்டில் சாதம் வடிக்காமல் இருப்பது மாதிரி. பரிமாற வேண்டுமானால் பக்கத்து இலையிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். உடம்பு அதைத்தான் செய்கிறது: வெறும் வயிற்றில் பிசிஏஏ மட்டும் போனால் மீதி ஆறும் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே இருக்கிற தசை சிதைந்து வெளியே வரும் அமினோ அமிலங்களிலிருந்துதான். அதில் ஒரு பகுதியை எரிபொருளாகவும் உடம்பு எடுத்துக்கொள்ளும் என்பதால், இந்தச் சுழற்சியில் மட்டும் தசை நிகர லாபம் பார்க்க வழியே இல்லை.

இந்தக் கணக்கை 2017-ல் ராபர்ட் வுல்ஃப் விரிவாக எழுதினார், அமினோ அமில ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகள் ஊறிய அமெரிக்க விஞ்ஞானி. மனிதர்களுக்கு பிசிஏஏ-வை மட்டும் ரத்தக் குழாய் வழியாக ஏற்றி அளந்த ஆய்வுகளைத் தேடினால் அவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு, இரண்டிலும் தசைப் புரத உற்பத்தி ஏறவில்லை, இறங்கியது. சிதைவும் கூடவே இறங்கியது, அதாவது சுழற்சி மொத்தமே மந்தமானது. ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: வுல்ஃப் இஏஏ கலவைகளுக்குக் காப்புரிமை வைத்திருப்பவர், ஆகவே பிசிஏஏ-வைத் திட்டுவதில் அவருக்கு ஒரு சொந்த லாபமும் உண்டு. ஆனாலும் அந்த வாதம் தன் காலில் நிற்கிறது.

அதே 2017-ல் வந்த இன்னொரு ஆய்வைத்தான் டப்பா விற்பவர்கள் எப்போதும் காட்டுவார்கள். எடைப் பயிற்சிப் பழக்கம் உள்ள 10 இளைஞர்கள், பயிற்சி முடிந்ததும் 5.6 கிராம் பிசிஏஏ குடித்தார்கள், அடுத்த 4 மணி நேரத்தில் தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம் கூடியது. சரி, எதோடு ஒப்பிட்டால் கூடியது? அமினோ அமிலமே இல்லாத போலிப் பானத்தோடு. அதே ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள், இதே அளவு பிசிஏஏ அடங்கிய வே புரதத்தைக் குடித்தபோது முந்தைய ஆய்வுகளில் கிடைத்த ஏற்றம் இதைவிட இரண்டு மடங்குக்குப் பக்கம் என்று. ஆக விளம்பரத்தில் வரும் 22 சதவீதம் நிஜம், அது ஒன்றுமே குடிக்காதவரோடு போட்டி போட்டு ஜெயித்த 22 சதவீதம். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போய் ஆம்லெட் சாப்பிடுகிற ஆளோடு இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஃபிலிப்ஸ் குழு செய்தது. 2014-ல் வெளியான அந்த ஆய்வில் சிலருக்கு 25 கிராம் வே, சிலருக்கு அதில் கால் பங்கான 6.25 கிராம் வே, இன்னும் சிலருக்கு அந்தக் கால் பங்கு வே-யில் லியூசினைக் கூட்டி மொத்தம் 5 கிராம் லியூசின் வருகிற மாதிரி கொடுத்தார்கள். குறைந்த வே-யும் நிறைய லியூசினும் கொடுத்த கோஷ்டி 25 கிராம் வே-க்குச் சமமாக வந்துவிட்டது. லியூசினின் உத்தரவுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி, மற்ற அமினோ அமிலங்கள் கொஞ்சமாவது கூட இருந்தால். ஆனால் இன்னொரு கோஷ்டியும் இருந்தது, அவர்களுக்கு அதே கலவையில் ஐசோலியூசினையும் வாலினையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதாவது முழு பிசிஏஏ. அவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூன்றும் குடலிலும் செல் சவ்விலும் ஒரே வாசல் வழியாக நுழையப் போட்டி போடுவதால் லியூசினுக்கு வழி அடைபட்டிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். லியூசினோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கும் மற்ற இரண்டும் லியூசினுக்கே குறுக்கே நிற்கின்றன என்றால் அந்த டப்பாவை என்ன சொல்வது!

இங்கே இன்னொரு விஷயம். மேலே சொன்னவை எல்லாம் சில மணி நேரம் அளந்தவை. நான்கு மணி நேரத்தில் உற்பத்தி ஏறுவதும் மூன்று மாதத்தில் கை சுற்றளவு ஏறுவதும் ஒன்றில்லை, உற்பத்தியும் சிதைவும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பவை, மாதக் கணக்கில் எது மிஞ்சுகிறது என்பதுதான் தசை. மாதக் கணக்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர் ராபர்ட் மார்ட்டன், அவரும் மெக்மாஸ்டர்தான், 2018-ல். 49 ஆய்வுகள், 1863 பேர். எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய எடை எவ்வளவு கூடுதலாக ஏறியது தெரியுமா? சராசரியாக 0.3 கிலோ. முந்நூறு கிராம்! அதுவும் முழுப் புரதத்துக்கு, தனி அமினோ அமிலத்துக்கு இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் வரைக்கும் பலன் ஏறுகிறது, அதற்கு மேல் சராசரியில் ஏறவில்லை என்றும் அதில் வந்தது. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் 2.2 வரை போனாலும் தப்பில்லை என்று சொல்கிற இடம் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

இப்போது நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 1.6 என்றால் 112 கிராம். காலையில் மூன்று இட்லி, சாம்பார், மத்தியானம் சாதம், குழம்பு, பொரியல், தயிர், ராத்திரி தோசை என்று சாப்பிடுகிறவருக்கு இதில் பாதி வருவதே கஷ்டம். மூன்று இட்லியில் ஆறு கிராம்தான் புரதம் இருக்கும், சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்பது செய்கிறவர் கையைப் பொறுத்தது (ஹாஸ்டல் சாம்பாராக இருந்தால் கேட்கவே வேண்டாம்). அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று ஈடு செய்துவிடும், அதனால் தரம் பெரிய பிரச்சினை இல்லை, அளவுதான் பிரச்சினை. இப்படிப்பட்டவர் ஐந்து கிராம் பிசிஏஏ குடித்தால் அவருடைய புரதக் கணக்கில் ஐந்து கிராம் ஏறும், அவ்வளவுதான். நான்கு முட்டை சாப்பிட்டால் அதே ஐந்து கிராம் பிசிஏஏ, கூடவே மீதி ஆறு அத்தியாவசிய அமிலங்களும், மொத்தம் 25 கிராம் புரதமும் வரும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு மீல் மேக்கர் இருக்கிறது, காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஐம்பது கிராம் புரதம் தாண்டும், மளிகைக் கடையில் கிடைக்கும். பன்னீர், கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், அப்புறம் தேவையானால் ஒரு ஸ்கூப் வே. பிசிஏஏ இந்த வரிசையில் எங்குமே வராது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நல்ல புரதத்தையும் அத்தியாவசிய அமினோ அமிலங்களையும் சரியான உணவுச் சேர்க்கையிலிருந்தே பெறுங்கள், தசை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்கள். பொதுமக்களுக்குச் சொல்லும் புத்திமதியாக அதில் நியாயம் உண்டு. ஆனால் வேலைக்கு நடுவே மத்தியானம் சமைக்க நேரமில்லாமல் தடுமாறுகிற சைவக்காரப் பையனிடம் அதைச் சொன்னால் அவன் வே-யை விட்டுவிட்டுப் பருப்புக்குப் போக மாட்டான், இன்னும் மோசமான ஏதாவது ஒன்றுக்குப் போவான் என்பது என் அபிப்பிராயம்.

சரி, கட்டிங். "ஏத்துறதுக்கு வேண்டாம், ஆனா டயட்ல இருக்கும்போது தசை கரையாம இருக்க பிசிஏஏ வேணும்" என்று ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர்கள் சொல்வார்கள், மாஸ்டர்களும் சொல்வார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2016-ஆம் ஆண்டு ஆய்வில் எடைப் பயிற்சி செய்கிற 17 ஆண்கள் 8 வாரம் கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள், ஒரு கோஷ்டிக்கு பிசிஏஏ, இன்னொரு கோஷ்டிக்கு மாவுச்சத்துப் பானம். மறுபடியும் அதே கேள்விதான்: ஒப்பிட்டது புரதத்தோடு இல்லை, சர்க்கரைத் தண்ணீரோடு. அதுபோக, அதே ஆண்டே ஷோன்ஃபீல்ட், அரகன் உள்ளிட்ட உடற்பயிற்சி ஆய்வாளர்கள் அந்த எண்களை மறுபடி அலசிப் பார்த்து, கொடுத்திருக்கும் புள்ளிவிவரம் சொல்லியிருக்கும் முடிவைத் தாங்கவில்லை என்று எழுதினார்கள். அதற்குப் பிறகும் அந்த ஆய்வு டப்பாக்களின் பின்பக்கத்தில் ஊர்சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கட்டிங்கில் எது வேலை செய்கிறது என்பதற்கு அதே 2016-ல் மெக்மாஸ்டரில் வந்த வேறொரு ஆய்வைப் பார்க்கலாம். 40 இளைஞர்கள், தேவையான கலோரியில் 40 சதவீதத்தைக் குறைத்துவிட்டு, வாரத்துக்கு ஆறு நாள் கடுமையான பயிற்சி, நான்கு வாரம். பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், மீதிப் பேருக்கு 2.4 கிராம். குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குத் தசை பெரிய மாற்றமில்லாமல் நின்றது. அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பட்டினியிலும் கொழுப்பு நீங்கிய எடை 1.2 கிலோ ஏறியது, கொழுப்பும் கூடுதலாகக் குறைந்தது. அவர்கள் ஏற்கெனவே பெரிய பாடி பில்டர்கள் இல்லை, கொஞ்சம் பூசினாற்போல இருந்தவர்கள், அதனால் எல்லோருக்கும் இப்படி ஏறும் என்று நம்பிவிடக் கூடாது. ஆனால் தசையைக் காப்பாற்றுவது மொத்தப் புரதமும் எடைப் பயிற்சியும்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இன்னொன்று, பிசிஏஏ டப்பாவில் பூஜ்யம் கலோரி என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், அமினோ அமிலத்துக்கும் கிராமுக்கு நான்கு கலோரிக்குக் குறையாமல் சக்தி உண்டு.

மற்ற டப்பாக்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். இஏஏ, பிசிஏஏ-வை விட அறிவார்ந்த பொருள், ஒன்பதும் இருப்பதால் தனியாகவே தசைப் புரதத்தைக் கட்ட முடியும். ஆனால் வே-யில் அதே ஒன்பதும் குறைந்த விலையில், குடிக்கிற மாதிரியான ருசியில் இருக்கிறது, இஏஏ-வின் கசப்பைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். குளுட்டமைனில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலுமே எடுத்துக்கொண்டுவிடும். 2001-ல் 6 வாரம் தாராளமான அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலத்திலும் தசையிலும் வித்தியாசம் வரவில்லை. ஆர்ஜினினை ரத்தக் குழாயில் 30 கிராம் ஏற்றினால் வளர்ச்சி ஹார்மோன் ஏறும், மருத்துவமனையில் பரிசோதனைக்கே அப்படிச் செய்வதுண்டு, அதை வைத்து மாத்திரை விற்றார்கள். வாய் வழியாகப் போனால் குடலும் கல்லீரலும் அதில் ஒரு பங்கைச் சிதைத்துவிடுகின்றன, மீதியும் தசையை வளர்ப்பதாகத் தெரியவில்லை. எச்எம்பி, லியூசின் உடையும்போது உண்டாகிற பொருள். 2014-ல் ஒரு ஆய்வு 12 வாரத்தில் 7 கிலோவுக்கு மேல் கொழுப்பற்ற எடை ஏறியதாகச் சொன்னது, துறையில் இருக்கிறவர்களே நம்ப முடியாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், பிறகு வந்த தொகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர்களுக்குச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. கிரியேட்டின் மட்டும் தனி. அது அமினோ அமிலங்களிலிருந்து உடம்பே செய்துகொள்ளும் பொருள், தினம் 3 முதல் 5 கிராம், மலிவு, வேலை செய்கிறது என்பதற்கு முப்பது ஆண்டு ஆதாரம் இருக்கிறது.

பிசிஏஏ-வுக்கு முழுக்கப் பூஜ்யம் மார்க் போட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கடுமையான பயிற்சிக்கு அடுத்த நாள் வரும் தசை வலி கொஞ்சம் குறைகிறது என்று சில தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. அதிலும் பெரும்பாலும் ஒப்பிட்டது போலிப் பானத்தோடுதான், ஆனாலும் வலி குறைந்தால் சரி என்கிறவர் குடித்துவிட்டுப் போகட்டும். காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி செய்கிறவர்கள் கேட்பார்கள். முந்தின ராத்திரி நன்றாகச் சாப்பிட்டிருந்து, பயிற்சி முடிந்ததும் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் நடுவில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் தசை எங்கேயும் ஓடிவிடாது.

நீங்கள் விரும்பாவிட்டாலும் ஒரு வகை அமினோ அமிலத்தைக் குடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. புரோட்டீன் பவுடரில் புரதத்தை நேரடியாக எண்ணிப் பார்ப்பதில்லை, வழக்கமான சோதனையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். விலை மலிவான கிளைசினையோ டாரினையோ கலந்தால் நைட்ரஜன் ஏறும், லேபிளில் புரதம் ஏறும், தசைக்குப் போகிற சரக்கு ஏறாது. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைனைக் கலந்ததும் இதே நைட்ரஜன் கணக்கை ஏமாற்றத்தான். கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள், ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை, சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. தனி அமினோ அமிலங்களிலும் தரக் கதை உண்டு: 1989-ல் அமெரிக்காவில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் டிரிப்டோஃபேன் மாத்திரைகளோடு தொடர்புடைய தசை நோயில் 1500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

அப்புறம் டப்பா மேலே இருக்கும் அந்த உடம்பு. 1996-ல் ஷாலேந்தர் பாசின் குழு 43 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, 10 வாரம். ஊசி போட்டுப் பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொழுப்பற்ற எடை 6.1 கிலோ ஏறியது, ஊசி மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கும் 3.2 கிலோ. இதை மார்ட்டனின் 0.3 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து வாரத்தில் அசாத்தியமாக மாறிய ஒருவர் "என் ரகசியம் இந்த அமினோ" என்று சிரித்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சிரிப்புக்கு என்ன சம்பளம் என்றுதான் எனக்குத் தோன்றும். ஊசி உடம்பை என்ன பாடு படுத்தும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அமினோ அமில சப்ளிமென்ட் நிஜமாகவே தசையைக் காப்பாற்றிய இடம் ஜிம்முக்கு வெளியே இருக்கிறது. 2004-ல் டெக்சாஸில் ஆரோக்கியமானவர்களை 28 நாள் படுக்கையிலேயே கிடக்க வைத்துச் செய்த ஆய்வில், தினம் மூன்று வேளை 16.5 கிராம் இஏஏ-யும் மாவுச்சத்தும் குடித்தவர்களுக்குக் கால் தசை குறையாமல் நின்றது, குடிக்காதவர்களுக்குக் கரைந்தது. 2013-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட முதியவர்கள் 28 பேரில் ஒரு பகுதியினருக்கு, அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரை தினம் இரண்டு வேளை 20 கிராம் இஏஏ கொடுத்தார்கள். அறுவை நடந்த காலின் தொடைத் தசை, போலிப் பானம் குடித்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் 14 சதவீதம் வற்றியது, இஏஏ குடித்தவர்களுக்கு 3 சதவீதம் சொச்சம். வயதானால் தசை புரதத்துக்கு மந்தமாகத்தான் பதில் சொல்லும், அதோடு பசியும் இருக்காது, ஒரு தட்டு நிறையச் சாப்பிட வைக்க முடியாது. சின்ன டம்ளரில் செறிவாக ஒன்பதும் போனால் அங்கே அர்த்தம் இருக்கிறது. அதுவும் இஏஏ, பிசிஏஏ இல்லை. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மூட்டு அறுவை வரப்போகிறது என்றால் அறுவை செய்யும் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் கொடுக்கவே கூடாது.